தொடலாமா, சார்?

வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்யக் கூடாது. துணி அலசும்போது மெஷின் ஆடும், மேலே இருக்கும் திரையும் ஆடும். ஆடும் திரையில் எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாது. இது சின்ன விஷயம். ஆனால் இதைக்கூட ஒருவர் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒருவர் நான்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். அங்கேதான் வருகிறேன். அதற்கு முன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான் கோபப்படுகிறவன் அல்ல. என் மனைவி காயத்ரியைக் கேட்டுப் பாருங்கள், வீட்டில் நான் குரலை உயர்த்திக் கேட்டதில்லை என்பாள்.

என் பெயர் துளசிராமன். திருவள்ளூரில் வீடு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இறால் கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் பொறுப்பு. இறாலைக் கழுவி, உறையவைத்து, பெட்டியில் அடைத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஏற்றுவார்கள். உறையவைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு நுரையீரல்.

முன்பெல்லாம் அந்தக் குழாய்களின் அழுத்தத்தையும் குளிரையும் கம்பெனிக்குள்ளேயே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து கவனிப்பார்கள். கொரோனா வந்தபோது அந்த வேலை வீடுகளுக்குப் போனது. கொரோனா போன பிறகும் அது திரும்பி வரவில்லை. நிர்வாகத்துக்கு அறையும் பஸ்ஸும் மிச்சம், ஆட்களுக்குப் பயணம் மிச்சம். எல்லாருக்கும் சந்தோஷம். யோசித்துப் பாருங்கள். கேட்டில் செக்யூரிட்டி நின்று பையைத் திறக்கச் சொல்கிறான். செல்போனை லாக்கரில் வைக்காமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் விஷத்தின் மெயின் வால்வை மூடித் திறக்கும் அதிகாரம், கவரைப்பேட்டையில் ஒரு வீட்டில், சாம்பார் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில்.

அந்த வீடுகளை நான் மீட்டிங்கில் கேமரா வழியே பார்த்திருக்கிறேன். பச்சையப்பன் என்று ஒருவர். படித்தவர், நிலபுலன் உள்ளவர். கடவுச்சொல்லைக் காலண்டர் தாளில் பெரிதாக எழுதிப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். எடுங்கள் என்றேன். "சாமி பாத்துக்கும் சார்" என்று சிரித்தார். எளாவூரில் ஒருவர் செக்போஸ்ட் எதிரே டீக்கடை வைஃபையில் கம்பெனி வேலையைச் செய்துகொண்டிருந்தார். இந்தியா முழுக்கப் போகும் லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அதே வைஃபையில் படம் பார்க்கிறார்கள். "ஊட்ல டவர் இல்ல சார், பேஜாரா கீது" என்பது அவர் விளக்கம்.

நான் மாதம் ஒரு வகுப்பு எடுத்தேன். வீட்டிலிருந்து வேலை செய்பவர் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடாமல் இருப்பது எப்படி என்று. எழுந்து போனால் திரையைப் பூட்டு. கம்பெனி மெஷினை வீட்டு ஆட்களிடம் கொடுக்காதே. வந்த செய்தி உன்னை அவசரப்படுத்தினால், பயமுறுத்தினால், தெரிந்தவர் பெயரைச் சொல்லி ஒரு இடத்தை அழுத்தச் சொன்னால், கையை எடு. தொடாதே. என்னைக் கேள். இதைவிட எளிதாக யாராலும் சொல்ல முடியாது. கேட்டவர்கள் கேமராவை அணைத்துவிட்டு நாஷ்டா சாப்பிட்டார்கள். ஒருநாள் ஒரு பெண் மைக்கை மூட மறந்துவிட்டாள். "இந்தாளு ஆரம்பிச்சிட்டான்டி. நீ போய்க் கொழம்ப எறக்கு" என்று தெளிவாகக் கேட்டது. அன்று கேமரா போட்டிருந்த இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். யார் என்று விசாரிக்கக்கூட இல்லை.

வகுப்பு போதவில்லை என்றால் சோதனை வைக்க வேண்டும். எல்லாக் கம்பெனிகளிலும் உள்ள வழக்கம்தான். நானே திருடன் மாதிரி ஒரு பொய்ச் செய்தி அனுப்புவேன். அழுத்துகிறவருக்கு, "நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்று சிவப்பில் ஒரு பக்கம் திறக்கும். தீபாவளிக்கு குக்கர் இலவசம் என்று அனுப்பினேன். ஊரே அழுத்தியது. பிளான்ட் மேனேஜர் கோபால் அழுத்தியதோடு நிற்காமல், எத்தனை லிட்டர் என்று பதில் எழுதிக் கேட்டார். இப்படிப்பட்டவர்களைத்தான் நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. பட்டாணியைக் காட்டினால் தலையைப் பொறிக்குள் விடும் எலிகளை எலிப்பொறியிலிருந்து காப்பாற்றுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

கிறிஸ்டினா அந்தக் கண்காணிப்பு வேலையில் இருந்தார். பகல் ஷிப்ட் அவருடையது. வாஷிங் மெஷின் மேல் லேப்டாப் வைத்தவர் அவர்தான். கணவர் ஸ்டீபன் அதே கம்பெனியில் கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர். அதாவது கணவர் நிற்கும் அறையின் குழாயை மனைவி வீட்டிலிருந்து பார்க்கிறார். கோபாலுக்கு இதில் ஒரு பெருமை. "புருசன் உசிரு பொண்டாட்டி கையில சார், அதவிட இன்னா சேஃப்டி வேணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஸ்டீபனின் அப்பா யேசுதாஸ் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். நடவு, அறுப்பு எல்லாவற்றுக்கும் குடும்பத்தோடு வருவார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து கூப்பிடுவார்கள். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டீர்களே என்று சொன்னேன். கேட்கவில்லையா? சரி. ஸ்டீபன் ஒருமுறை கேன்டீனில் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "சார், நாம ஒரே ஊரு சார். அப்பா உங்கள ரொம்ப விசாரிப்பாரு" என்றார். நல்லது என்றேன். எனக்குச் சாப்பாடு முடிந்திருந்தது. எழுந்துவிட்டேன்.

கம்ப்ரசர் ரூம் கதவருகே சுவரில் ஒரு பேனல் உண்டு. செல்போன் இல்லாத இடம் ஆயிற்றே, ஆபத்து என்றால் ஆபரேட்டர் அதில் அழுத்துவார். கண்காணிப்பவர் திரையில் ஒரு செய்தி வரும். பெயர், இடம், கேஸ் லீக், மெயின் வால்வை மூட இங்கே அழுத்தவும். அவ்வளவுதான். அழுத்தினால் வால்வு மூடும். அறைக்குள்ளேயும் கையால் மூடும் வால்வு இருக்கிறது. ஆனால் கேஸ் கசிந்த அறைக்குள் அதைத் தேடிப் போகிறவன் திரும்பி வர மாட்டான். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வெளியாள் ஒருவன் நம் வால்வில் கை வைப்பதானால் எந்த வழியாக வருவான்? இந்தச் செய்தியைப் போலவே ஒன்றைச் செய்து அனுப்புவான். ஆகவே நானும் பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றைச் செய்தேன். "ஸ்டீபன். கம்ப்ரசர் ரூம். விபத்து. விவரத்துக்கு இங்கே அழுத்தவும்." கிறிஸ்டினாவுக்கு மட்டும் அனுப்பினேன். ஏன் அந்தப் பெயர் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். திருடன் முன்பின் தெரியாதவன் பெயரையா போடுவான்?

அவர் அழுத்தினார். அவர் வீட்டு நெட்டில் சிவப்புப் பக்கம் திறக்க நேரமாயிற்று. அந்த இடைவெளியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனிக்குப் போன் செய்தாரா? இல்லை. சபைப் பெண்களின் வாட்ஸப் குழுவில் ஜெப விண்ணப்பம் போட்டார். அவர்களுக்குள் அது ஒரு கட்டுப்பாடு. ஜெபக் குறிப்பு வந்தால் யாரும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வந்த கணத்தில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், பிறகு இருந்த இடத்தில் முழங்கால் போட வேண்டும், அக்கம்பக்கம் என்றால் நேரில் போக வேண்டும். உண்மையா என்று கேட்பது அவிசுவாசம். திருடர்களுக்கு இதைவிட வசதியான சமூகம் அமையாது. கவரைப்பேட்டையிலிருந்து எங்கெங்கோ போயிற்று அந்தச் செய்தி. எவருக்கோ போய்ச் சேரும்போது ஸ்டீபன் மரித்தே விட்டார்.

மாலையில் ஸ்டீபன் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போனால், வாசல் கொள்ளாத செருப்பு. உள்ளே பாய் விரித்துப் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். பாஸ்டர் கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வரிசையாக. கிறிஸ்டினா சிவப்புப் பக்கத்தைப் பார்த்திருந்தார். ஆனால் அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவரும் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஸ்டீபனைப் பார்த்ததும் ஹெலன் என்கிற கிழவி ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

மறுநாள் கம்பெனியில் இதுதான் பேச்சு. "வாய்யா, உயிர்த்தெழுந்தவரே. மூணு நாளு கூட ஆவலியே நைனா" என்று கேன்டீனில் மேசையைத் தட்டினார்கள். ஸ்டீபன் சிரித்துக்கொண்டே, "ஆப்பிள் மிச்சம் கீது, துண்றீங்களா?" என்று கேட்டாராம். நான் மீட்டிங்கில் கிறிஸ்டினாவின் பெயரைச் சொல்லி, நடந்ததைப் பாடமாக எடுத்துக் காட்டினேன். பாடம் என்றால் உதாரணம் வேண்டும். அவர் கேமராவை அணைக்கவில்லை. முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

கோபால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பாய்லருக்குக் கரி தள்ளி மேலே வந்தவர். பேச்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"இன்னா சார் இது. ஆம்பள செத்துட்டான்னு பொய் சொல்லித்தான் பொம்பளைக்குப் பாடம் நடத்தணுமா?"

"செத்துட்டார்னு நான் எழுதலை. விபத்துன்னுதான் எழுதினேன்."

"அதான் சார். அதத்தான் கேக்கறேன். உங்க ஊட்டம்மாவுக்கு இப்டி ஒண்ணு அனுப்புவீங்களா?"

"அவ அழுத்த மாட்டா."

அவர் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கிறிஸ்டினாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். குக்கர் எத்தனை லிட்டர் என்று கேட்டவர் எனக்கு உத்தரவு போட்டார். நான் கேட்டேன். அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் நான் மன்னிப்புக் கேட்டேன். முடிவில் இதையும் சேர்த்துச் சொன்னேன்: "கிறிஸ்டினா, இனிமே எது வந்தாலும் என்னைக் கேளுங்க. நான் சொன்ன பிறகு தொடுங்க." எல்லாருக்கும் அது கரிசனமாகப் பட்டது. கோபால்கூடத் தலையாட்டினார்.

கிறிஸ்டினா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவமானப்பட்டவர்களிடம் ஒரு நல்ல குணம், சொன்னதைச் செய்வார்கள். எது வந்தாலும் எனக்குப் போன் வரும்.

"சார், சம்பள சிலிப்பு வந்துக்குது. தொடலாமா சார்?"

"சார், ஹெட் ஆபீஸ்லருந்து பொறந்தநாள் வாழ்த்துன்னு போட்டுக்குறாங்க. எனக்குப் பொறந்தநாளு இன்னைக்கு தான் சார். தொடலாமா?"

நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவேன். சில சமயம் பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கொஞ்சம் காக்க வைப்பது நல்லது, பொறுமை பழகும். அவர் காத்திருப்பார். நான் கூப்பிட்டுத் தொடலாம் என்றால், "தேங்ஸ் சார்" என்பார். என் சொல் இல்லாமல் விரலை அசைக்காத ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவர். அந்தப் போன்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஓர் ஆசிரியருக்கு அந்தத் திருப்தி கிடைக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

சம்பவத்தன்று நானும் வீட்டிலிருந்துதான் வேலை செய்தேன். மதியச் சாப்பாடு முடிந்து காயத்ரி மோர் கொண்டுவந்து வைத்திருந்தாள். கிறிஸ்டினாவின் போன் வந்தது.

"சார், பேனல் மெசேஜ் மாதிரி ஒண்ணு வந்துக்குது சார்." பின்னால் வாஷிங் மெஷின் சத்தம். "அவரு பேரு போட்டுக்குது. ஸ்டீபன், கம்ப்ரசர் ரூம், கேஸ் லீக்குன்னு. வால்வு மூடச் சொல்லுது. தொடலாமா சார்?"

"என்ன தோணுது உங்களுக்கு?"

"அன்னிக்கி வந்த மாதிரியே கீது சார். ஆனா அவரு பேரு... எழுத்து வேற ஆடிக்கினே கீது, சரியாத் தெரியல."

"மெஷின் மேலயா வெச்சிருக்கீங்க இன்னும்?"

"ஆமா சார். சாரி சார்."

"முதல்ல எடுத்து டேபிள்ல வைங்க."

வைத்தார். ஒயரைக் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் என் திரையில் அதே செய்தியைப் பார்த்தேன். எல்லாச் செய்திகளும் எனக்கும் ஒரு நகல் வரும். எங்கிருந்து வந்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். சுவர்ப் பேனலிலிருந்து வந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. பேனலில் விரல் வைத்தால்தான் அப்படி வரும். நான் அன்று சோதனை எதுவும் அனுப்பவில்லை, அது எனக்குத் தெரியாதா?

"வெச்சிட்டேன் சார். அவரு போனு லாக்கர்ல கிடக்கும், அடிச்சா எடுக்க மாட்டாரு. இது டெஸ்ட்டான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"டெஸ்ட்டா இல்லையான்னு நானே சொல்லிட்டா, அப்புறம் அது என்னம்மா டெஸ்ட்டு?"

அவர் மெதுவாக, "கேட் செக்யூரிட்டிக்கு அடிச்சிக் கேக்கட்டா சார்?" என்றார்.

"லைனைக் கட் பண்ணாதீங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"சபைல ஒரு வார்த்த போடட்டா சார்? ஜெபிக்க மட்டும்."

"அதே தப்பைத் திரும்பவும் பண்ணப் போறீங்களா?"

"இல்ல சார்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே மோரைக் குடித்தேன். அந்தப் பக்கம் மெஷின் துணி அலசி முடித்தது. தண்ணீர் வடியும் சத்தம். பிறகு சுழல ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குக் கீழே அவர் வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருப்பது கேட்டது. நடுவில் ஒருமுறை ஜெபத்தை நிறுத்தி, "சார்?" என்றார். "பாக்குறேன்" என்றேன். மறுபடி ஜெபம். மனிதர்கள் எவ்வளவு சொன்னபடி கேட்கக்கூடியவர்கள், சரியாகப் பழக்கினால்.

நான் என்ன நினைத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் கேஸ் கசியும், கண் எரியும், எல்லாரும் வெளியே ஓடுவார்கள், கோபால் பதறுவார், ஒரு பாடமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக ஞாபகம்.

உள்ளே நடந்ததையும் கதவருகே மற்றவர்கள் கண்டதையும் பிறகு எபினேசர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னார். எண்ணெய் போடும் வேலை அவருக்கு. கேஸ் கிளம்பியதும் எல்லாரும் கதவுக்கு வந்துவிட்டார்கள், அவர் மட்டும் உள்ளே விழுந்துவிட்டார். அவரை எழுப்பி இழுத்து வந்தவர் ஸ்டீபன். வெளியே நின்றவர்கள் ஸ்டீபனைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், வால்வு மூடட்டும், அப்புறம் போகலாம் என்று. அவர் கையை உதறிவிட்டு, "வுடுங்கடா. கிறிஸ்டி பாத்துக்கும். நான் உள்ள போறதுக்குள்ள மூடிடும்" என்று சொல்லிக்கொண்டே போனாராம். எபினேசரைக் கதவுவரை தள்ளிக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டீபனால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை.

கோபால் என் இன்னொரு நம்பருக்கு அடித்தார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "சார், வால்வு ஏன் சார் மூடல? கிறிஸ்டினா பாப்பா இன்னா சார் பண்ணுது?" அப்போது நான் மற்ற போனில் கிறிஸ்டினாவிடம், "தொடலாம்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அழுத்திவிட்டார். வால்வு கச்சிதமாக மூடியது. கம்பெனி ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

"மூடிக்கிச்சு சார்" என்றார். "நெசந்தானா சார் அது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

இந்த முறை சபைக்குச் செய்தி கம்பெனியிலிருந்தே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. ஒருவரும் முழங்கால் போடவில்லை. "மறுபடியும் அந்த ஆபீசுக்காரன் வேலையா?" என்று ஹெலன் கிழவி சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஆம்புலன்ஸ் தெருவில் திரும்பும்வரை அந்த வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு இல்லை. ஒரு கூட்டத்துக்கே சந்தேகப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் பாருங்கள்.

அடக்கத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். வேறு யாரும் எனக்கு நாற்காலி போடவில்லை. யேசுதாஸ்தான் ஒன்றை எடுத்துவந்து துண்டால் துடைத்துப் போட்டார். தான் உட்காராமல் நின்றுகொண்டார். பழக்கம் போகாது. கிறிஸ்டினா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள், இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

"சார், பொய்யா வந்தப்ப தொட்டேன். நெசமா வந்தப்ப தொடல" என்றார். "நான் சரியாத்தானே சார் செஞ்சேன்?"

"ரொம்பச் சரியா செஞ்சீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரி சார்" என்று திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இதையெல்லாம் நானாக ஏன் வந்து சொல்கிறேன் என்று. கம்பெனி விசாரணையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்காணிப்பவர் சந்தேகப்பட்டார், சரிபார்க்க நேரமாயிற்று, அதில் என்மேல் குற்றமில்லை என்று எனக்குச் சாதகமாகத்தான் எல்லாம் போனது. எனக்கு ஒரு பாராட்டுக்கூட வந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, தெரியவும் போவதில்லை. குக்கருக்கு ஏமாந்தவர்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் போன வாரம் அந்த அறிக்கையின் முடிவைப் படித்தேன். உயிரிழப்புக்குக் காரணம், வீட்டிலிருந்து பணிபுரிந்த ஊழியரின் தாமதம் என்று எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்டினாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம், கையெழுத்துப் போட்டு லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அவர் தாமதிக்கவில்லை, மேடம். செய்தி வந்ததும் படித்தார். சந்தேகப்பட்டார். தொடவில்லை. என்னைக் கேட்டார். காத்திருக்கச் சொன்னேன், காத்திருந்தார். உள்ளே நிற்பது தன் புருஷனாக இருக்கலாம் என்று தெரிந்தும் விரலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களால் முடியுமா? பேச்சுக்குக் கேட்கிறேன், நீங்கள் இங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது உங்கள் திரையைப் பூட்டாமல் போனீர்கள்.

தாமதித்தது நான். அது உண்மையான செய்தி என்று பார்த்தவுடன் எனக்குத் தெரியும். வால்வை மூடும் அதே பொத்தான் என் திரையிலும் இருந்தது, மோர் டம்ளருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அவர் கற்றுக்கொண்டாரா இல்லையா என்று தெரியாமலே போயிருக்கும்.

இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனையோ கொடுங்கள். அந்த அறிக்கையில் மட்டும் ஒரு திருத்தம் செய்யச் சொல்லுங்கள். கிறிஸ்டினா தவறவில்லை. இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் தேறியவர் அவர் ஒருவர்தான்.